பீலித் தண்ணீர் வீட்டுக்குள் வரும்போது

போன கூட்டம் முடிந்து எழும்பும்போது ஒரு அக்கா கேட்டார்: "மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பின காசில பிரிட்ஜ் வாங்கினோம். தானா ஐஸ் போடுமாம். பின்னால தண்ணி பைப் பூட்ட ஒரு வாய் இருக்கு. புது வீட்டு லைனை அதுல குடுக்கலாமா?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டயகம குளிருக்கு ஐஸ் எதற்கு என்றார் ஒருவர். எனக்கு அது நல்ல கேள்வியாகவே பட்டது.

கொடுக்கலாம் அக்கா, ஆனால் இப்போது வேண்டாம். உங்கள் லைனில் வருவது மலை ஊற்றின் பச்சைத் தண்ணீர். மண் சரிந்த இடங்களில் மலசலகூடக் குழிகளும் உடைந்திருக்கும். உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறோம், அது தவறு. வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் ஐஸ் வழியாகவும் வரும். பிள்ளைகளுக்கு ஐஸ் பக்கட் கட்டி விற்கும் வீடுகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன். நம் உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும். பொங்கியதும் இறக்காமல் இன்னும் 3 நிமிடம் விடுங்கள். ஆறிய பிறகு தட்டில் ஊற்றி ஐஸ் செய்யலாம்.

சுகாதாரப் பரிசோதகர் தண்ணீரைச் சோதித்து நல்லது என்று சொன்ன பிறகு லைனைப் பூட்டுங்கள். பிரிட்ஜுக்குப் போகும் கிளைக்குத் தனி வால்வு கட்டாயம். பூட்டுமுன் பைப்பின் நுனியை ஒரு வாளிக்குள் விட்டு, மண்ணும் பைப் துருவலும் போகும்வரை தண்ணீரை ஓடவிடுங்கள். முதலில் விழும் ஐஸையும் கொட்டிவிடுங்கள்.

அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். தொட்டி 10 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது ஏறக்குறைய 1 பார். அது போதாமல் போகலாம், பிரிட்ஜுடன் வந்த புத்தகத்தில் அளவு இருக்கும். ஊற்று 100 மீட்டர் மேலே இருந்து இடையில் தொட்டியே இல்லாவிட்டால் 10 பார். அந்த மெல்லிய பைப் இரவோடு இரவாக வெடித்து, விடியும்போது வீடு குளமாகிக் கிடக்கும்.

வீட்டுக்குள் ஒழுகினால் துடைத்துவிடலாம். வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஒழுகுவதுதான் எனக்குப் பயம். ஒரு சொக்கட் சொட்டிக்கொண்டே இருந்தால் அத்தனையும் மண்ணுக்குள் இறங்கும், மண் கனக்கும், பிடி விடும். ஆகவே பசை காய்ந்த பிறகு எல்லா மூட்டையும் கையால் தடவிப் பாருங்கள். குளிக்கிற, கழுவுகிற தண்ணீரைக் கானில் விடுங்கள், மேட்டில் விடாதீர்கள்.

கடைசியாக, அண்ணாமாருக்கு ஒன்று. அடைமழையில் தண்ணீர் நின்றால் மண்வெட்டியோடு ஊற்றுக்கு ஏறுவது நம் பழக்கம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. மழை நேரத்தில் ஊற்று திடீரென்று வற்றினாலும், கலங்கி வந்தாலும், புது இடத்தில் தண்ணீர் கசிந்தாலும் மலை நகரத் தொடங்கியிருக்கலாம். மேலே போகாதீர்கள். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள், கிராம சேவகருக்குச் சொல்லுங்கள், 117க்கு அழையுங்கள். பைப்பை மழை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.