காணிக்குத் திறக்கும் கதவு கழுத்துக்குத் திறவாதா?

(காட்டேரிக்குப்பத்தில் ஆற்றிய உரை)



கண்ணகி வழக்கை அறியாதார் இங்கு எவருமிலர். கோவலன் வெட்டுண்ட பின்னரே அவள் அரண்மனை வாயிலில் வந்து நின்றாள். 'முடிந்த வழக்கு' என்று பாண்டியன் அவளைத் திருப்பி விடவில்லை. அவையிலேயே கேட்டான், சிலம்பைக் கொணரச் செய்தான், அது உடைந்து உண்மை வெளிப்பட்டதும் தன் தீர்ப்பே பிழையென்று ஒப்பி உயிர் துறந்தான். இன்று அதே கண்ணகி, அதே ஒற்றைச் சிலம்போடு, தில்லி உச்சநயன்மன்றத்தின் வாயிலில் நின்றால் என்ன நேரும்? அதைச் சொல்லவே வந்தேன்.

தன் தீர்ப்பைத் தானே மீளாய்வு செய்யும் உரிமையை அரசியலமைப்புச் சட்டத்தின் 137-ஆம் பிரிவு உச்சநயன்மன்றத்திற்கு வழங்குகிறது. அவ்வுரிமையின் எல்லையை வகுப்பவை மன்றத்தின் விதிகள். காணி வழக்கில் தோற்றவன், முன்பு எவ்வளவு முயன்றும் கிட்டாத பாட்டன் காலத்து ஆவணம் பின்னர்ப் பரணில் கிடைத்ததென்று காட்டியும் மீளாய்வு கேட்கலாம். குற்றவழக்கில் தோற்றவனுக்கோ விதி காட்டும் வாயில் ஒன்றே: வழக்கேட்டைப் பார்த்த அளவிலேயே புலப்படும் பிழை இருத்தல் வேண்டும். முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நடுவர்கள் அதைத் தம் அறையிலேயே படித்து முடிவு செய்வர். வழக்கறிஞர் வாய்திறக்க இடமில்லை.

நிலம் போனால் மீட்கலாம். உயிர் போனால் மீட்கலாகுமோ? மீட்க முடிந்ததற்கு அகன்ற வாயில். மீட்க முடியாததற்கு ஊசித்துளை. இதுவா முறைமை?

1980-இல் நடுவர் கிருட்டிண ஐயர் இவ்வேறுபாட்டை உணர்ந்து, குற்றவழக்கு விதியை விரித்தே பொருள்கொள்ள வேண்டுமென்றார். ஆயினும் விதியின் சொற்கள் மாறவில்லை. 'வழக்குக்கு ஒரு முடிவு வேண்டாவா?' என்பர் சிலர். வேண்டும். தோற்றவனெல்லாம் ஓயாது கதவைத் தட்டினால் மன்றம் இயங்காது, உண்மையே. ஆனால் முடிவு என்பது உண்மைக்கு முடிவாகிவிடக் கூடாது.

நடந்தவற்றைக் கேளுங்கள். வடநாட்டில் ஒரே கொலைவழக்கில் மூவருக்குத் தூக்கு. ஒருவரின் முறையீட்டை உச்சநயன்மன்றம் 1976-இல் தள்ளியது. இன்னொருவரின் தூக்கை அதே மன்றத்தின் வேறு நடுவர்கள் 1977-இல் வாழ்நாள் சிறையாகக் குறைத்தனர். மூன்றாமவரின் மீளாய்வு விண்ணப்பம் 1980-இல் தள்ளப்பட்டது. முதலாமவர் 1981 அக்டோபர் 6-இல் தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவர் இறுதி நேரத்தில் மன்றத்தை அணுகித் தப்பினார். ஒரே குற்றம், ஒரே மன்றம்; ஒருவர் பிணம், ஒருவர் உயிரோடு!

2014-இல் ஒரு சிறு சாளரம் திறந்தது. தூக்கு வழக்குகளின் மீளாய்வை மட்டும் மூன்று நடுவர்கள் திறந்த மன்றில், அரைமணி எல்லைக்குட்பட்டேனும், கேட்க வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. அந்த அரைமணி செய்ததைப் பாருங்கள். மராட்டிய மாநிலத்து வழக்கொன்றில் ஆறு ஏழையர்க்கு 2009-இல் இதே மன்றம் தூக்கை உறுதிசெய்திருந்தது. அவர்களுள் மூவர்க்கு வாழ்நாள் சிறையைத் தூக்காகவே உயர்த்தியிருந்தது. மீண்டும் கேட்டபோது 2019 மார்ச்சு 5-இல் அறுவரும் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டனர். பதினாறு ஆண்டுச் சிறைக்கு ஆளுக்கு ஐந்து இலக்கம் உருபா! அவர்களை முன்னரே தூக்கிலிட்டிருந்தால் அந்த உருபாவை எவர் கையில் கொடுப்பது?

நம் பேரறிவாளன் வழக்குக்கு வருவோம். கொலையை நாம் நயப்பவரல்லேம். ஆனால் பூந்தமல்லித் தடா மன்றம் 1998-இல் 26 பேர்க்கும் தூக்கு என்றது. தடாச் சட்டத்தால் உயர்நயன்மன்றப் படியே இல்லை, நேரே தில்லிதான். அங்கே 1999 மே 11-இல் 19 பேர் கொலைக் குற்றத்தினின்று விடுபட்டனர். பேரறிவாளன் உள்ளிட்ட நால்வர்க்குத் தூக்கு உறுதியாயிற்று. அவ்வாண்டே மீளாய்வும் தள்ளப்பட்டது. பின்னர் அவருடைய ஒப்புதல் வாக்குமூலத்தை எழுதிய அதிகாரியே, மின்கலம் எதற்கென்று தமக்குத் தெரியாதென அவர் சொன்னதைத் தாம் விட்டுவிட்டதாக உறுதியாவணம் தந்தார். இதுவன்றோ உடைந்த சிலம்பு! எனினும் 1999 தீர்ப்பைத் திரும்பப் பெறுமாறு கேட்ட விண்ணப்பம் 2018 மார்ச்சில் தள்ளப்பட்டது. 2022 மே 18-இல் அவர் விடுதலையானார். ஆனால் அது 142-ஆம் பிரிவின் தனி அதிகாரத்தால். தீர்ப்பின் எழுத்து இன்றும் அப்படியே நிற்கிறது.

பிரஞ்சு ஆட்சியைக் கண்ட மண் இது. அந்நாட்டுச் சட்டம் 1895-லேயே, குற்றமின்மையைக் காட்டும் புதிய செய்தி கிடைத்தால் தீர்ப்பை மீளத் திறக்கலாம் என்றது. 1894-இல் ஒறுக்கப்பட்ட திரைபசு என்னும் படைத்தலைவர் 1906-இல் குற்றமற்றவரானது அவ்வழியால்தான். அதனால் பிரஞ்சு மன்றங்களின் பெருமை குன்றிவிட்டதா?

இன்னொன்று. தீர்ப்பு ஆங்கிலத்தில். 2019 முதல் சில தீர்ப்புகள் தமிழிலும் பெயர்க்கப்படுகின்றன. எனினும் சிறையிலிருக்கும் உழவனுக்கு முப்பது நாளுக்குள் தன் தீர்ப்பே புரிவதில்லையென்றால், அதிலுள்ள பிழையை அவன் யாங்ஙனம் காட்டுவான்?

ஆகவே நாம் கேட்பன மூன்று: குற்றவழக்கிலும் புதிய சான்று மீளாய்வுக்கு வாயிலாதல் வேண்டும், வாழ்நாள் சிறையர்க்கும் திறந்த மன்றில் கேட்பு வேண்டும், ஒறுக்கப்பட்டவன் மொழியில் தீர்ப்பு அவன் கைக்கு வந்த நாளிலிருந்தே முப்பது நாள் எண்ணப்படல் வேண்டும்.

தன் பிழையை ஒப்பியதால் பாண்டியன் தாழவில்லை. அதனாலேயே இன்றும் வாழ்கிறான். ஆனால் அவன் ஒப்பியபோது கோவலன் இல்லை. நம் மன்றங்கள் கோவலன் உயிரோடிருக்கும்போதே சிலம்பை உடைத்துப் பார்க்கட்டும்!