கையேட்டில் இருக்கும் ஓர் எண்



அறிவுரை சொல்ல நான் வரலை. ஒரு மோட்டார் சைக்கிளின் பராமரிப்பு அட்டவணையைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இத்தாலியின் டுகாட்டி நிறுவனம் செய்யும் சாகசப் பயண வண்டி மல்ட்டிஸ்ட்ராடா. அதன் 1260 மாடலில் 30,000 கி.மீ.க்கு ஒருமுறை வால்வு இடைவெளியைச் சரிபார்க்கணும். 2020-இல் அறிமுகமான வி4 மாடலில் (1158 சி.சி., 170 குதிரைத்திறன்) அந்த எண் 60,000 ஆனது. எப்படி? வால்வை ஸ்பிரிங் இல்லாமல் ராக்கரே இழுத்து மூடும் 'டெஸ்மோ' முறைதான் அந்த நிறுவனத்தின் நெடுநாள் பெருமை. இந்த எஞ்சினில் அதை விட்டுவிட்டு, சாதாரண ஸ்பிரிங்குக்கு வந்தார்கள். நெடும்பயணம் போகிறவனுக்குப் பெருமையா முக்கியம்? வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்காமல் இருக்கணும்!

ஆனால் ஆயில் மாற்ற 15,000 கி.மீ. தான். மணலிலும் தூசியிலும் ஓடினால் ஏர் ஃபில்டரையும் செயினையும் அடிக்கடி பார்த்தே ஆகணும்.

என் முதல் வேலையில், ஒரு பம்ப்புக்கு ஆயில் மாற்றும் தேதியை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிக் கையெழுத்துப் போட்டேன். பேரிங் ஜாம் ஆயிடுச்சு. விடிய விடியப் பிரித்து மாட்டியவர் ஃபிட்டர் அண்ணன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் இன்னும் உறுத்துது.

தம்பிகளா, கையேட்டில் இருக்கும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.