முதலில் அப்பா போனை வைக்கட்டும்

பேரூர் கோயிலுக்குப் பிள்ளைகளோடு போகிறீர்கள். உள்ளே செல்போன் கூடாது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு இட்ட உத்தரவு அது. பையன் போனை வைத்துவிடுகிறான். ஏன்? பெரியவர்களும் வைக்கிறார்கள். அதுதான் விஷயம்.

வீட்டுக்கு அப்புச்சி வருகிறார். பையன் போனிலிருந்து தலை நிமிர்வதில்லை. "வாங்க அப்புச்சி" என்று முகம் பார்த்துச் சொல்ல வேண்டாமா? அவனைத் திட்டுமுன், நம் கையைப் பார்ப்போம். அங்கேயும் போன்!

உக்கடம் டவுன் பஸ்ஸில் வீடியோ அலறுகிறதா? "இயர்போன் மாட்டிக்க கண்ணு" என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது, முதலில் அப்பா போனை வைக்கட்டும். அடுத்து அம்மா. பிறகு பிள்ளைகள். நடுவில் அழைப்பு வந்தால், சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடலாமுங்க.