குற்றத்தை ஒப்புமுன் சிந்திப்போம்



வன்னியிலே இராக்காவல் நிற்கும் உழவனுக்குத் துவக்கு ஆடம்பரமன்று, பயிரின் வேலி. ஆயினும், அனுமதிப்பத்திரமின்றி அதை வைத்திருந்தால், 1916ஆம் ஆண்டின் சுடுபடைக்கலன்கள் கட்டளைச் சட்டம் அவனைக் கூண்டில் ஏற்றிவிடும்.

அங்கே நாம் செய்யும் பெரும்பிழை யாது? "அலைச்சல் தீரட்டும்" என்றெண்ணிக் குற்றத்தை ஒப்பித் தண்டம் கட்டுவதே! நீதவான் முன் நிபந்தனையின்றி ஒப்பியவனுக்கு, சட்டப் பிரச்சினை இருந்தாலன்றி, மேன்முறையீட்டுக் கதவு பொதுவாக மூடிவிடுகிறது.

விளக்கம் நடந்து குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவனுக்கோ வழியுண்டு. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, 14 நாட்களுள் அதே நீதவான் மன்றிலே மேன்முறையீட்டு மனுவைக் கொடுத்தல் வேண்டும். அதனை மாகாண மேல் நீதிமன்றம் விசாரிக்கும்.

பலர் தங்கும் காவற்குடிலிலே கண்ட துவக்கு இவன் ஆட்சியில் இருந்ததா? இவன் அதை அறிந்திருந்தானா? கைப்பற்றிய துவக்கேதான் அரச பகுப்பாய்வாளரிடம் சென்றதா? நியாயமான ஐயத்துக்கு இடமின்றி இவற்றை நிரூபிப்பது வழக்குத் தொடுநர் கடன், அவனுடையதன்று.

கற்றோரே! அவனுக்கு அந்த 14 நாட்களை எண்ணிச் சொல்வது நம் கடன். உழவர்களே! சட்டத்தரணியைக் காணுமுன் வாய் திறந்து ஒப்பாதீர்கள்.