நீருக்கடியில் ஒரு பள்ளிக்கூடம்



பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றிப் பேசச் சொன்னால் யாருக்குத்தான் சலிக்கும்? இன்று நாம் கேட்கப்போவது வேல்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றின் கதை. இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டியிருக்கும் மலைநாடு வேல்ஸ். பிரிட்டனின் ஒரு பகுதிதான். ஆனாலும் அங்கே ஆங்கிலத்துக்கு முந்திய வேல்ஷ் மொழி இன்றும் வழங்குகிறது. அதன் வடபகுதியில், பாலா என்ற சிறு நகருக்குச் சில மைல் தள்ளி, டிரவெரின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்தது கேப்பல் கெலின் என்னும் கிராமம்.

பெரிய ஊர் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு சிற்றாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஓர் அஞ்சலகம், கல்லால் கட்டிய சில வீடுகள், சுற்றிலும் ஆட்டுப் பண்ணைகள். அவ்வளவுதான்.

இத்தகைய மலைக் கிராமங்களில் பிள்ளைப் பருவம் எப்படி இருந்தது? முதலில் பெயரைப் பாருங்கள். ஜோன்ஸ், எவன்ஸ், ராபர்ட்ஸ் என்று சில குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். எந்த ஜோன்ஸ் என்று குழம்பாமலிருக்க, ஆளின் பெயரோடு அவர் பண்ணையின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆகவே மண்ணின் பெயரே மனிதனுக்கும் பெயராகிவிடும்.

கோடையில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் நாள் வரும். பிள்ளைகளுக்கு அது திருவிழா. ஒரு பண்ணையில் கத்தரிப்பு என்றால் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். கூலி கிடையாது. நாளை அவர் பண்ணைக்கு இவர் போவார். ஆண்கள் கத்தரிக்க, சிறுவர்கள் ரோமத்தைச் சுமந்து சேர்க்க, உள்ளே பெண்கள் எல்லாருக்கும் சமைப்பார்கள். குளிர்கால இரவுகளில் ஒரு வீட்டில் கூடிப் பாட்டும் கதையும் நடக்கும். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளோடு பெரியவர்களும் உட்கார்ந்து படிப்பார்கள். ஐஸ்டெத்வோத் என்ற கலைப்போட்டியில் சின்னஞ்சிறு பிள்ளைகளும் மேடையேறிக் கவிதை ஒப்பிப்பார்கள். புத்தாண்டுக் காலையில் வீடு வீடாகப் பாடிக் காசு வாங்குவதும் உண்டு. நண்பகலுக்குள் வாங்கிவிட வேண்டும், பிந்தினால் கிடைக்காது! பாட்டு, பாடம், சண்டை எல்லாமே வேல்ஷ் மொழியில்தான். மொழியைக் காப்பாற்றுகிறோம் என்று அவர்கள் நினைக்கவுமில்லை. பேசினார்கள், அவ்வளவே.

1950களில் லிவர்பூல் நகராட்சி, தன் வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் வேண்டி, இந்தப் பள்ளத்தாக்கில் அணை கட்ட முடிவு செய்தது. பெரிய நகரத்துக்குத் தண்ணீர் வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் அங்கே குடியிருந்தவர்களின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? 1956 நவம்பரில் ஊர்மக்கள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு லிவர்பூல் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். பயனில்லை. 1957இல் லண்டன் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. வேல்ஸிலிருந்து சென்ற 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட அதை ஆதரிக்கவில்லை; இருந்தும் சட்டம் சட்டமாயிற்று.

1963இல் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. ஊரில் இருந்த 67 பேரில் 48 பேர் வீடிழந்தார்கள். கணக்கில் பார்த்தால் சிறிய எண்தான். ஆனால் பண்ணைகள் பிரிந்தபின் யாருடைய ஆட்டுக்கு யார் கத்தரி எடுத்துப் போவது? வீட்டுக்கு ஈடாகப் பணம் கொடுக்கலாம். அந்தக் கூட்டத்துக்கு என்ன கொடுப்பது? அதிகாரிகளின் ஏட்டில் அதற்கு இடமே இல்லை.

1965 அக்டோபரில் அணைத் திறப்பு விழா. எதிர்ப்பாளர்களின் கூச்சலில் யார் பேசுவதும் கேட்கவில்லை. விழாவைச் சில நிமிடங்களில் முடிக்க வேண்டியதாயிற்று. ஏறக்குறைய 800 ஏக்கர் நிலம் நீருக்கடியில் போனது. அந்த ஏரிக்கு இன்று பெயர் லின் கெலின்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2005இல், லிவர்பூல் நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. அதற்குள் அங்கே படித்த பிள்ளைகள் நடுவயதைத் தாண்டியிருந்தார்கள். மழை பொய்த்து ஏரி வற்றும் ஆண்டுகளில் பழைய கற்சுவர்களின் அடித்தளம் வெளியே தெரியும். அப்போது மக்கள் கரையிலிருந்து இறங்கி, காய்ந்த சேற்றில் நடந்து போய்ப் பார்க்கிறார்கள்.