தோஷமல்ல, கிருமி!



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயம் கைக்குழந்தைக்கு வயிற்றால் போவதைப் பற்றியதாகும். "இது என்ன பிரமாதம்? எந்த வீட்டுக் குழந்தைக்குத்தான் வயிற்றால் போகவில்லை?" என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது சில நாளில் தானே நின்று விடுகிறது என்பது வாஸ்தவம். ஆனால் சில குழந்தைகளுக்கு, முக்கியமாய்ப் பிறந்து மூன்று மாதம் நிரம்பாத குழந்தைகளுக்கு, குடலிலிருந்த கிருமி இரத்தத்தில் ஏறி விடுகிறது. ஏறிய பிறகு அது வெறும் வயிற்று நோயல்ல. உயிருக்கே ஆபத்தான நோயாகும்.

இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சால்மோனெல்லா என்று ஒரு கிருமி இருக்கிறது. டைபாய்டு ஜுரத்தை உண்டாக்குவது அதில் ஒரு வகை. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் வகைகள் அநேகம். நான் சொல்வது இந்தப் பின்னதையே. இது கோழி, மாடு முதலியவற்றின் குடலிலும் வசிக்கிறது. காய்ச்சாத பால், அசுத்தத் தண்ணீர், சரியாய்க் கழுவாத புட்டி, கழுவாத கை இவைகளின் மூலமாய்க் குழந்தையின் வாய்க்குப் போகிறது. நம் இரைப்பையிலுள்ள அமிலம் இதில் பெரும்பாகத்தைக் கொன்று விடும். இளங்குழந்தைக்கு அந்த அமிலம் குறைவு. ஆகவே கிருமி பிழைத்துக் குடலின் சுவரைக் கடந்து உள்ளே போகிறது. அங்கே இதை விழுங்கி அழிப்பதற்கென்றே காவல் அணுக்கள் இருக்கின்றன. ஆனால் இந்தக் கிருமி அந்தக் காவல் அணுவுக்குள்ளேயே சாகாமல் குடியிருக்க வல்லது. திருடன் போலீஸ்காரன் வீட்டிலேயே தங்கிக் கொண்டால் எப்படியோ அப்படி! குழந்தையின் உடலில் பாதுகாப்புச் சக்தி இன்னும் முற்றவில்லையாதலால், கிருமி இரத்தத்தோடு ஓடி எலும்பிலும், மூளையைச் சுற்றியுள்ள சவ்விலும் போய்த் தங்கவும் கூடும்.

இனி நம் வீடுகளில் நடப்பதைக் கவனியுங்கள். குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிறது. உடம்பு கொதிக்கிறது. உடனே என்ன சொல்லுகிறோம்? அந்தி வேளையில் பறவை பறந்தது, அதன் நிழல் பட்டது, பட்சி தோஷம் என்கிறோம். தீட்டுக்காரி பார்த்து விட்டாள் என்கிறோம். கயிறு கட்டுகிறோம், மந்திரிக்கிறோம், ராகுகாலம் கழியட்டும், செவ்வாய்க்கிழமை போகட்டும் என்று காத்திருக்கிறோம். கிருமிக்கு ராகுகாலம் உண்டா, தோழர்களே? நாம் காத்திருக்கும் நேரமெல்லாம் அது பெருகிக் கொண்டேயிருக்கிறது.

"மந்திரித்துப் பல குழந்தைகள் பிழைத்திருக்கின்றனவே" என்று கேட்பீர்கள். முன்னமே சொன்னேன், பெரும்பாலானவை தானே தேறும் என்று. பத்தில் ஒன்பது தானே தேறுவதாக வைத்துக் கொள்ளுங்கள். அந்த ஒன்பதுக்கும் பெயர் மந்திரவாதிக்கு! செத்துப்போன ஒன்றுக்கு மாத்திரம் பெயர் தலைவிதிக்கு! இந்தக் கணக்கில் மந்திரவாதி எக்காலத்திலாவது தோற்பானா?

தலைவிதி என்பதையும் சற்றுப் பார்ப்போம். டைபாய்டு அல்லாத இந்தச் சால்மோனெல்லா இரத்தத்தில் ஏறி 2017-ம் ஆண்டில் உலகத்தில் சுமார் 5,35,000 பேர் நோயுற்றார்கள் என்றும், சுமார் 77,500 பேர் மாண்டார்கள் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். அதிகம் பாதிக்கப்பட்டவை ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஏழை நாடுகளின் குழந்தைகள். அங்கே மலேரியாவும், பட்டினியும் குழந்தையின் பாதுகாப்புச் சக்தியை உடைத்துக் கிருமிக்கு வழி திறந்து விடுகின்றன. பல குழந்தைகளுக்கு வயிற்றால் போகாமல் ஜுரம் மாத்திரமே காண்கிறது. அங்கே கென்யா நாட்டில் கிலிஃபி என்ற இடத்தில், 1999 முதல் 2007 வரை, மலேரியாவால் ஆஸ்பத்திரியில் சேரும் குழந்தைகளின் விகிதம் சுமார் எட்டில் ஒரு பங்காய்க் குறைந்தது. அத்துடன் இரத்தத்தில் பலவகைக் கிருமிகள் ஏறிச் சேரும் குழந்தைகளின் விகிதமும் ஏறக்குறையப் பாதியாய் இறங்கிற்று. தலையெழுத்தை எழுதியவன் அந்த ஆண்டுகளில் மனம் மாறினானா? மலேரியா குறைந்தது, இதுவும் குறைந்தது. காரணத்தை நீக்கினால் காரியம் நீங்குகிறது. இவ்வளவுதான் சங்கதி.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஜுரம் கண்டால், வயிற்றால் போனாலும் போகாவிட்டாலும், அப்பொழுதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். பால் குடிக்க மறுத்தாலும், எழுப்பினால் விழிக்காமல் துவண்டாலும், உடம்பு சில்லிட்டாலும், வலிப்புக் கண்டாலும், மலத்தில் இரத்தம் வந்தாலும் அப்படியே. 108 வண்டி எந்தக் கிழமையிலும் வரும். அங்கே இரத்தத்தை எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். அது தெரிய ஒன்றிரண்டு நாளாகும் என்பதால், அதற்கு முன்பே நரம்பு வழியாய்க் கிருமிக்கொல்லி மருந்து ஏற்றத் தொடங்கி விடுவார்கள்.

இதைக் கேட்டு விட்டு, வயிற்றால் போகும் குழந்தைக்கெல்லாம் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து விடாதீர்கள். அதுவும் ஒருவித மூடநம்பிக்கையே. நல்ல திடமான, வளர்ந்த குழந்தையின் சாதாரண வயிற்றுப்போக்குக்கு அம்மருந்து வேண்டியதில்லை. மலத்தில் கிருமி நெடுநாள் தங்கவும் அதுவே காரணமாகலாம். உப்புச் சர்க்கரைக் கரைசலும் தாய்ப்பாலுமே முக்கியம். பிறந்த குழந்தைக்குச் சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதை நிறுத்துங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறொன்றும் வேண்டாம். குழந்தையைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கடைசியாக ஆண்களுக்கு ஒன்று. குழந்தை துவள்வதை முதலில் அறிகிறவள் தாய். ஆனால் அதைத் தூக்கிக் கொண்டு வாசற்படி தாண்ட அவளுக்கு அதிகாரம் இருக்கிறதா? புருஷன் வர வேண்டும். மாமியார் சம்மதிக்க வேண்டும். கையில் காசு வேண்டும். இதற்குள் இரவு கழிந்து விடுகிறது. போக்குவரத்துக்கான காசை அவள் கையில் கொடுத்து, "யாரையும் கேட்காதே, புறப்படு" என்று இன்றே சொல்லி வையுங்கள்.

நான் சொன்னதற்காக எதையும் நம்ப வேண்டாம். உங்கள் ஊர் டாக்டரையும், நர்சையும் கேட்டு, உங்கள் அறிவைக் கொண்டு முடிவு செய்யுங்கள். ஆனால் அதை இப்பொழுதே செய்யுங்கள். ஜுரம் வந்த இரவில் யோசிக்க நேரமிராது.