மூன்றுக்குப் பதில் இரண்டு

இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் புறப்படும் வாசலில் இருப்பது அயோர்ட்டிக் வால்வு. அதற்கு மூன்று இதழ்கள். சுமார் நூற்றில் ஒருவருக்குப் பிறவியிலேயே இரண்டுதான். லியொனார்டோ டா வின்சி 500 வருஷத்துக்கு முன்பே இந்த இரண்டிதழ் வால்வை வரைந்து வைத்திருக்கிறார். மனுஷர் எதைத்தான் விட்டார்!

பலருக்கு இதனால் வெகுகாலம் தொந்தரவே இருக்காது. சிலருக்கு ஓர் இதழ் தொய்ந்துபோகும். வெளியே போன ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி உள்ளே ஒழுகும். அதையும் சேர்த்துத் தள்ளித் தள்ளி இதயம் பெருத்துவிடும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும்.

வால்வையே மாற்றலாம். உலோக வால்வு என்றால் ஆயுசுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அதனால் இதழ் நல்ல நிலையில் இருந்தால், இளவயதுக்காரர்களுக்குச் செப்பனிடுவதே மேல்.

இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, சர்ஜன் இரண்டு இதழ்களையும் அருகருகே பிடித்து நீளம் பார்க்கிறார். தொய்ந்த இதழின் விளிம்பில், புடவைக்குக் கொசுவம் வைப்பதுபோல ஒரு மடிப்பு. மெல்லிய நூலால் தையல். வால்வின் அடிவட்டம் விரிந்திருந்தால் அதையும் இறுக்குகிறார். முடிந்ததா? இல்லை. இதயம் மறுபடி துடித்ததும், உணவுக்குழாய்க்குள் இறக்கிய எக்கோ (மீயொலி) கருவியில் பார்ப்பார்கள். கணிசமாக ஒழுகினால் மறுபடியும் நிறுத்தித் தைக்க வேண்டியதுதான்.

இந்த இரண்டிதழ் அமைப்பு குடும்பத்தில் தொடரக்கூடியது. வீட்டில் ஒருவருக்கு இருந்தால், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்த்துவிடுங்கள்.